பசுமையும் உடல்நலமும்: ஒரு படி முன்னதாக முடிவெடுப்போம்

பசுமையாக வாழுங்கள், ஆரோக்கியமாக உண்ணுங்கள் என்ற அறிவுரையை நாம் கேட்காத நாளில்லை. வானொலியில், தொலைக்காட்சியில், எம்ஆர்டி நிலையச் சுவர்களில், மின்தூக்கிக்கு அருகே ஒட்டப்படும் அறிவிப்புகளில் எல்லாம் அது இருக்கிறது. கேட்டுக் கேட்டுப் பழகிப்போனதாலோ என்னவோ, அது காதில் விழுகிறதே தவிர, அன்றாட வாழ்க்கையில் அவ்வளவாக இறங்குவதில்லை.

நம் மக்களிடம் அக்கறை குறைவு என்று சொல்லிவிட முடியாது. அக்கறை நமக்குத் தோன்றும் நேரம்தான் சற்றுப் பிந்திவிடுகிறது. குப்பைத் தொட்டியின் முன் நிற்கும்போது சுற்றுச்சூழல் நினைவுக்கு வருகிறது. இரத்தப் பரிசோதனை முடிவோடு மருத்துவர் முன் உட்காரும்போது உடல்நலம் நினைவுக்கு வருகிறது. அந்த இரண்டு இடங்களுக்கும் நாம் போய்ச் சேருவதற்கு முன்பே, கடையிலும் அடுப்படியிலும் காப்பிக்கடையிலும் முடிவுகள் எடுக்கப்பட்டுவிட்டன. அந்த முடிவுகளை ஒரு படி முன்னதாக, யோசித்து எடுத்தால் என்ன? இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான்.

குப்பை எங்கே போகிறது?

வீவக அடுக்குமாடி வீடுகளில் வசிப்போர் குப்பைக் குழாயின் மூடியைத் திறந்து பையைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அதன் பிறகு அந்தப் பை என்ன ஆகிறது? லாரிகள் அதை எரிஆலைக்கு எடுத்துச் செல்கின்றன. எரிக்கப்பட்ட குப்பையின் கன அளவு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. அந்த வெப்பத்திலிருந்து மின்சாரமும் கிடைக்கிறது. ஆனால் மிஞ்சும் சாம்பலை மறுபடியும் எரிக்க முடியாது. அது துவாஸ் வட்டாரத்திலிருந்து கடல்வழியாகப் படகுகளில் ஏற்றப்பட்டு, செமக்காவ் நிரப்புநிலத்துக்குக் கொண்டு செல்லப்படுகிறது.

செமக்காவ் நிரப்புநிலம் 1999 ஏப்ரல் 1ஆம் தேதி செயல்படத் தொடங்கியது. அதற்கு முந்தைய நாள்தான் சிங்கப்பூரின் பெருநிலப் பகுதியில் எஞ்சியிருந்த கடைசிக் குப்பைமேடான லோரோங் ஹாலுஸ் மூடப்பட்டது. செமக்காவ், சாக்கெங் ஆகிய இரண்டு தீவுகளுக்கு இடையில் இருந்த கடற்பகுதியைச் சுற்றி 7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கற்களால் அரண் எழுப்பி அந்த இடத்தை உருவாக்கினார்கள். அதன் பரப்பளவு சுமார் 350 ஹெக்டர். இப்போதைய வேகத்தில் குப்பை சேர்ந்தால், 2035ஆம் ஆண்டளவில் அது நிரம்பிவிடும் என்பது அரசாங்கத்தின் மதிப்பீடு. இந்த ஆண்டு தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் பிள்ளை அப்போது பதின்ம வயதில் இருக்கும்.

இதை முன்னிட்டுத்தான் 2019ஆம் ஆண்டில் கழிவில்லாச் சிங்கப்பூருக்கான பெருந்திட்டம் வெளியிடப்பட்டது. ஒருவருக்கு ஒரு நாளில் என்ற கணக்கில் நிரப்புநிலத்துக்குச் செல்லும் கழிவின் அளவை 2030க்குள் 30 விழுக்காடு குறைப்பது அதன் இலக்கு.

உடலுக்கும் ஓர் எல்லை உண்டு

தீவைப் போலவே உடலுக்கும் ஓர் எல்லை உண்டு. அன்றாடம் சிறிது சிறிதாகச் சேருவது ஒருநாள் தாங்க முடியாத அளவுக்கு வந்து நிற்கிறது. நம் சமூகத்தில் இதற்கு நீரிழிவு நோயே முதல் எடுத்துக்காட்டு.

2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது தெரியவந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் 17.2. 2016ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. 2019, 2020ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட தேசிய மக்கள்தொகைச் சுகாதார ஆய்வில் ஒட்டுமொத்த விகிதம் 9.5 ஆகவும் இந்தியர்களின் விகிதம் 14.2 ஆகவும் இருந்தன. எண்கள் இறங்கியிருப்பது ஆறுதல் தருகிறது. ஆனாலும் ஏழு இந்தியர்களில் ஒருவருக்கு நீரிழிவு என்பது சாதாரணச் செய்தியன்று. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் ஒரு குடும்பத்தின் அளவு அது.

குப்பையும் நோயும் வேறு வேறு துறைகளின் கவலைகள் என்றுதான் தோன்றும். வாரியங்கள் வேறு, பிரசாரங்கள் வேறு. ஆனால் வீட்டைப் பொறுத்தவரை இரண்டும் தொடங்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே. அளவுக்கு மேல் வாங்குவது, அளவுக்கு மேல் சமைப்பது, அளவுக்கு மேல் இனிப்பது. ஆகவே அங்கே எடுக்கும் ஒரு முடிவால் இரண்டு பயன் கிடைக்கிறது.

நீலத் தொட்டி கடைசிப் படி

பசுமை வாழ்க்கை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் நிற்கும் நீலத் தொட்டி. 2001ஆம் ஆண்டில் தேசிய மறுசுழற்சித் திட்டம் தொடங்கியதிலிருந்து இந்தப் பழக்கம் நம்மிடையே வளர்ந்துவந்துள்ளது. ஆனால் நீலத் தொட்டிகளில் போடப்படும் பொருள்களில் சுமார் 40 விழுக்காடு மறுசுழற்சிக்குப் பயன்படாதவை என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் கூறிவந்துள்ளது. 2023ஆம் ஆண்டில் வீடுகளின் மறுசுழற்சி விகிதம் 12 விழுக்காடு மட்டுமே. தொழில்துறையையும் சேர்த்த ஒட்டுமொத்த விகிதமோ 52 விழுக்காடு.

ஏன் இந்த நிலை? குழம்பு ஊறிய காகிதமும் பாதி குடித்த பானப் புட்டியும் உள்ளே விழுந்தால் அவை மட்டும் கெடுவதில்லை. பக்கத்தில் இருக்கும் சுத்தமான செய்தித்தாளையும் அட்டைப்பெட்டியையும் நனைத்துக் கெடுத்துவிடுகின்றன. மெல்லிழைக் காகிதம், ஸ்டைரோஃபோம் உணவுப் பெட்டி, மிச்ச உணவு ஆகியவை நீலத் தொட்டிக்கு உரியவை அல்ல. பழைய துணியும் விளையாட்டுப் பொருளும் நல்ல நிலையில் இருந்தால், தேவைப்படுவோருக்குக் கொடுத்துவிடலாம். காகிதம், பிளாஸ்டிக் புட்டி, கண்ணாடி, உலோக டின் ஆகியவற்றைக் காலி செய்து, லேசாக அலசிப் போட்டால் போதும்.

நீலத் தொட்டியை நாம் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அது வரிசையில் மூன்றாவது. முதலாவது குறைப்பது, இரண்டாவது இருப்பதையே மறுபடியும் பயன்படுத்துவது. இவை இரண்டும் முடிந்த பிறகுதான் மறுசுழற்சி.

பைகளை எடுத்துக்கொள்வோம். 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகள் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு வசூலிக்கின்றன. அந்தப் பைகளில்தானே வீட்டுக் குப்பையைக் கட்டிப் போடுகிறோம் என்று இல்லத்தரசிகள் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. குப்பையைக் கட்டிப் போடுவது சுகாதாரத்துக்கு அவசியம். ஆனால் வாரத்துக்கு எத்தனை பை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் மடித்து வைத்த பைகள், தேவைக்கு மேல், ஓர் இழுப்பறை நிறையக் கிடக்கும். அதைக் குறைப்பதுதான் நோக்கம்.

காகிதப் பைக்கோ பருத்திப் பைக்கோ மாறிவிட்டால் பசுமையாகிவிட்டோம் என்ற எண்ணமும் சரியன்று. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் இதை ஆராய்ந்தார்கள். குப்பை முறையாகச் சேகரிக்கப்பட்டு எரிக்கப்படும் சிங்கப்பூர் போன்ற நகரத்தில், காகிதப் பையும் பருத்திப் பையும் சாதாரணப் பிளாஸ்டிக் பையைவிடக் கூடுதலான பாதிப்பை ஏற்படுத்தக்கூடும் என்று அவர்கள் கண்டறிந்தார்கள். அவற்றைத் தயாரிக்கச் செலவாகும் வளங்கள் அதிகம் என்பதே காரணம். தடித்த, திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய பாலிபுரோப்பிலீன் பையே அங்கு முன்னிலை பெற்றது. அதுவும் பலமுறை பயன்படுத்தினால்தான். ஆக, புதிய பை வாங்குவதைவிட, ஏற்கனவே வீட்டில் இருக்கும் பையைக் கிழியும்வரை எடுத்துச் செல்வதே சிறந்தது. அதைக் கதவருகே, செருப்பு வைக்கும் இடத்திலேயே மாட்டி வையுங்கள். கண்ணில் பட்டால்தான் கையில் வரும்.

சோற்றுப் பானையில் தொடங்கும் மாற்றம்

2022ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் சுமார் 813,000 டன் உணவு கழிவானது. அதில் 18 விழுக்காடுதான் மறுசுழற்சி செய்யப்பட்டது. வீடுகளில் எறியப்படும் உணவைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் 2017ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோது, அதில் பாதிக்கும் மேற்பட்டதைத் தவிர்த்திருக்க முடியும் என்று தெரிந்தது. அதிகமாக வீணானவை சோறு, நூடல்ஸ், ரொட்டி. நமக்குத் தேவையான உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்கும் நாடு நம்முடையது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் சோறு குறைந்துவிடக் கூடாது என்ற எண்ணம் ஆழமானது. எதிர்பாராமல் ஒருவர் வந்தாலும் தட்டில் போட இருக்க வேண்டும் என்பது நல்ல பண்பு. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்படி மிஞ்சும் சோறு இரண்டு வழிகளில் ஒன்றில்தான் போகிறது. ஒன்று குப்பைக்குப் போகிறது. அல்லது "வீணாகப் போகிறதே" என்று ஏற்கனவே வயிறு நிறைந்த ஒருவர் அதைச் சாப்பிட்டுத் தீர்க்கிறார். அந்த ஒருவர் பெரும்பாலும் வீட்டின் தாய். முதல் வழி செமக்காவுக்குப் போகிறது. இரண்டாவது வழி இடுப்பளவுக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் போகிறது.

முடிவெடுக்க வேண்டிய இடம் அரிசிப் படி. இன்று இரவு எத்தனை பேர் வீட்டில் சாப்பிடுகிறார்கள் என்று மாலையிலேயே ஒரு குறுஞ்செய்தி அனுப்பிக் கேட்டுவிட்டு அரிசியை அளக்கலாம். சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014 முதல் பரிந்துரைத்துவரும் உணவுத் தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால்வாசி முழுதானியம், கால்வாசி மீன், கோழி, பருப்பு போன்ற புரத உணவு. நம் வழக்கமான தட்டில் சோறு பாதிக்கு மேல் இருக்கும். சோற்றைக் குறைத்து, கீரையையும் கூட்டையும் பொரியலையும் கூட்டினால் தட்டு நிறையும், வயிறும் நிறையும். வெள்ளைச் சோற்றிலிருந்து பழுப்பரிசிக்கு ஒரே நாளில் மாறினால் வீட்டில் எதிர்ப்பு எழும். ஐந்தில் ஒரு பங்கு கலந்து தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டலாம்.

அப்படியும் மிஞ்சினால்? சமைத்த சோற்றை நம் ஊர் வெப்பத்தில் நீண்ட நேரம் வெளியே வைக்கக் கூடாது. சோற்றில் வளரும் சில கிருமிகள் உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்துச் சிறிய டப்பாக்களில் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், மறுநாள் எலுமிச்சைச் சாதமோ வறுத்த சோறோ செய்துவிடலாம்.

இன்னொரு செய்தி நமக்கு மகிழ்ச்சி தருவது. ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் சுற்றுச்சூழலுக்குப் பெரும் சுமை என்கிறார்கள். அசைபோடும் விலங்குகளின் வயிற்றில் உருவாகும் மீத்தேன் வாயு புவி வெப்பத்தைக் கூட்டுவது அதற்கு ஒரு காரணம். அவரை இனத்துப் பயிர்களோ காற்றிலுள்ள நைட்ரஜனைத் தம் வேர்களின் வழியாகத் தாமே சேர்த்துக்கொள்வதால் உரம் குறைவாகவே போதும். துவரை, உளுந்து, பாசிப்பயறு, கொண்டைக்கடலை எல்லாம் அந்த இனந்தான். பசுமை உணவைத் தேடி நாம் புதுக் கடைக்குப் போக வேண்டியதில்லை. தேக்காவில் அது மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியை விட முடியாதவர்கள் அதை அந்த ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் சைவம் என்பதாலேயே எல்லாம் நலம் என்று எண்ணிவிட வேண்டாம். எண்ணெயில் பொரித்த வடையும் உப்பு மிகுந்த ஊறுகாயும் அப்பளமும் சைவந்தான்.

வீட்டு விசேஷங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிறந்தநாளுக்கோ புதுமனை புகுவிழாவுக்கோ வரவழைக்கும் உணவில், எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று நேரம் குறித்தே அனுப்புகிறார்கள். அந்த நேரம் கடந்தால் உண்பது பாதுகாப்பன்று. ஆகவே "இருக்கட்டுமே" என்று இருபது பேருக்குக் கூடுதலாகச் சொன்னால், அந்த இருபது பேரின் உணவும் குப்பைக்குத்தான். அழைப்பு அனுப்பும்போதே வருகையை உறுதிசெய்யச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

ஒரு கோப்பை தே

காப்பிக்கடையில் நாம் சொல்லும் ஒரு சொல்லில் எவ்வளவு சர்க்கரை அடங்கியிருக்கிறது என்று யோசித்ததுண்டா? வெறும் "தே" என்றால் கெட்டியான இனிப்புப் பால் சேர்ந்தது. அந்தப் பாலில் ஏறக்குறையப் பாதி சர்க்கரை. "தே சி" என்றால் இனிப்பில்லாத டின் பாலும் தனியாகச் சர்க்கரையும். "தே ஓ" என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. "சியூ டாய்" என்று சேர்த்தால் இனிப்புக் குறையும். "கோசோங்" என்றால் சர்க்கரையே இல்லை. ஒரு நாளைக்கு மூன்று கோப்பை குடிப்பவர் அந்த ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டால், ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்பைகளில் சர்க்கரை குறைகிறது. காசு ஒன்றும் கூடாது.

இதற்கு உதவியாகத்தான் நியூட்ரி-கிரேட் தரக் குறியீடு வந்தது. 2022 டிசம்பர் 30 முதல் புட்டி, டின் பானங்களுக்கும், 2023 டிசம்பர் 30 முதல் கடைகளில் உடனுக்குடன் தயாரிக்கும் பானங்களுக்கும் அது பொருந்துகிறது. சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு ஆகியவற்றின் அளவைக் கொண்டு ஏ முதல் டி வரை தரம் பிரிக்கிறார்கள். 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. அத்தகைய 300 மில்லிலிட்டர் பானத்தைக் குடித்தால் 30 கிராமுக்கு மேல், அதாவது ஆறு தேக்கரண்டிக்கு மேல் சர்க்கரை உள்ளே போகிறது. சி, டி பானங்களில் குறியீடு கட்டாயம். டி பானங்களை விளம்பரம் செய்யவும் தடை உள்ளது.

பானத்தை எதில் குடிக்கிறோம் என்பதும் முக்கியம். உட்கார்ந்து குடித்தால் கண்ணாடிக் குவளையில் வருகிறது, கழுவி மறுபடி பயன்படுகிறது. கையோடு எடுத்துச் சென்றால் பிளாஸ்டிக் பை, உறிஞ்சுகுழல், மூடி என்று மூன்று குப்பை சேருகிறது. பத்து நிமிடம் உட்கார்ந்து குடிக்கலாம். முடியாவிட்டால் சொந்தக் குவளையை நீட்டலாம்.

எல்லாவற்றையும்விடச் சிறந்த பானம் நம் வீட்டுக் குழாயிலேயே வருகிறது. சிங்கப்பூரின் குழாய் நீரைக் காய்ச்சாமலே குடிக்கலாம். சர்க்கரை இல்லை, புட்டி இல்லை, விலையும் மிகக் குறைவு. வெளியே போகும்போது ஒரு புட்டியில் நிரப்பி எடுத்துச் செல்வதற்கு எந்தத் திட்டமும் தேவையில்லை.

ஒரு நாள் முடிவு, பத்தாண்டுப் பலன்

சில முடிவுகளை நாள்தோறும் எடுக்க வேண்டும். சிலவற்றை ஒருமுறை சரியாக எடுத்துவிட்டால் பல ஆண்டுகளுக்குத் தொல்லையில்லை. குளிர்சாதனக் கருவி, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம் ஆகியவை இந்த இரண்டாம் வகை. சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. ஆகவே வீட்டில் வீணாகும் ஒவ்வொரு யூனிட்டும் கரிமவாயுவாகிறது. கடையில் விலைச்சீட்டைப் பார்க்கும் அதே கண்ணால் சேமிப்பு முத்திரையில் எத்தனை 'டிக்' இருக்கிறது என்றும் பாருங்கள். கூடுதல் டிக் உள்ள கருவி விலையில் சற்று அதிகமாக இருந்தாலும், மின்கட்டணத்தில் மாதாமாதம் திருப்பித் தருகிறது. இதற்கு உதவியாக வீவக குடும்பங்களுக்கு 2024ஆம் ஆண்டில் 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டுகள் வழங்கப்பட்டன.

குளிர்சாதனத்தை 25 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் சுழலவிட்டால் இதமாகவே இருக்கும். தண்ணீரிலும் அப்படித்தான். 2023ஆம் ஆண்டில் வீடுகளில் ஒருவர் நாளொன்றுக்குப் பயன்படுத்திய நீர் 141 லிட்டர். 2030க்குள் இதை 130 லிட்டராகக் குறைப்பது இலக்கு. வித்தியாசம் 11 லிட்டர்தான். குளிக்கும் நேரத்தில் ஓரிரு நிமிடங்களைக் குறைத்தாலே எட்டிவிடக்கூடிய அளவு.

வசதி இருப்பவர்களுக்குத்தானா இது?

பசுமைப் பொருள், ஆரோக்கிய உணவு என்றாலே விலை அதிகம் என்ற மனக்குறை பலருக்கு உண்டு. அதில் உண்மை இருக்கிறது. பழுப்பரிசி வெள்ளை அரிசியைவிட விலை கூடுதல். ஆனால் மேலே சொன்னவற்றை மறுபடி எண்ணிப் பாருங்கள். அரிசியை அளந்து போடுவது, கோசோங் கேட்பது, பையை மாட்டி வைப்பது, குழாய் நீர் குடிப்பது, பருப்பைக் கூட்டுவது, விருந்தினரை எண்ணி உணவுக்குச் சொல்வது. இவற்றில் எதற்கும் கூடுதல் செலவில்லை. சிலவற்றில் மிச்சமே பிடிக்கிறது.

நான் ஒருவர் மாறினால் நாடு மாறிவிடுமா என்பது அடுத்த கேள்வி. தொழிற்சாலைகளும் கட்டுமானத் துறையும் பெருமளவு கழிவை உருவாக்குகின்றன என்பது உண்மை. ஆனால் நம் வீட்டுச் சமையலறையைத் தொழிற்சாலைகள் நமக்காக மாற்றித் தரமாட்டா. நம் இரத்தச் சர்க்கரைக்கு வேறொருவர் பொறுப்பேற்கவும் முடியாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் சோற்றைத் திடீரென்று பெரிதும் குறைத்தால் சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். மருத்துவரிடம் கேட்ட பிறகே மாற்ற வேண்டும். நோய் இல்லை என்று நம்புகிறவர்களும் 40 வயதைத் தொட்டதும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்தால், ஒரே குடும்ப மருத்துவரின் தொடர்ந்த கவனிப்பு கிடைக்கும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற முயன்றால் ஒன்றும் நிலைக்காது. கடை, அடுப்படி, காப்பிக்கடை என்ற மூன்று இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஒரே ஒரு பழக்கத்தை ஒரு மாதம் கடைப்பிடியுங்கள். வீட்டில் சமைப்பவர், கடைக்குப் போகிறவர், பிள்ளைகள் என்று எல்லோரையும் உட்காரவைத்துப் பேசி முடிவெடுங்கள். சமைப்பவர் ஒருவர் தலையில் மட்டும் சுமையை ஏற்றினால், அந்த மாற்றம் அடுத்த தீபாவளி வரைகூடத் தாங்காது. வருமுன் காப்பதே அறிவு என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். அரிசிப் படியைக் கையில் எடுக்கும் அந்த நொடிதான் நமக்கு அந்த 'வருமுன்'.